சாப்பாவும் வாக்குச்சீட்டும்: கொச்சித் துறைமுகம், வைப்பின் தீவு, மக்களாட்சியின் நிலைபேறு

தனியாட்சி முடிந்த ஒரு நாட்டில் மக்களாட்சி எப்போது வேரூன்றியதாகக் கொள்ளலாம் என்ற கேள்விக்கு அரசியல் அறிவியலில் இரண்டு விடைகள் பெரிதும் வழங்கிவருகின்றன. தேர்தலில் வென்றவர்கள் அடுத்து தோற்கும்போது ஆட்சியை ஒப்படைத்து, அதைப் பெற்றவர்களும் பின்னொரு தேர்தலில் தோற்று அவ்வாறே ஒப்படைத்துவிட்டால் போதும் என்பது 1991இல் சாமுவேல் ஹண்டிங்டன் வைத்த அளவுகோல். ஆட்சிக்கு வருவதற்குத் தேர்தலைத் தவிர வேறு வழியை எந்தப் பெரிய அரசியல் சக்தியும் தேடாத நிலையே அதன் அடையாளம் என்பது 1996இல் ஹுவான் லின்ஸும் ஆல்ஃபிரட் ஸ்டெபானும் தந்த விளக்கம். இந்த நிலையை இக்கட்டுரை 'நிலைபேறு' என்றும், அரசரிடமிருந்தோ படைத்தலைவரிடமிருந்தோ அதிகாரம் கைமாறும் நிகழ்வை 'நிலைமாற்றம்' என்றும் குறிப்பிடும். இரு விடைகளும் அரண்மனையையும் சட்டமன்றத்தையும் பார்த்தே எழுந்தவை. அன்றாடக் கூலிக்கும் குடியிருக்கும் மனைக்கும் யார் தயவை நாட வேண்டியிருந்தது என்பதை அவை அளப்பதில்லை. கொச்சியில் மக்களாட்சி நிலைபெற்ற காலத்தை அரசர் அதிகாரத்தைக் கைவிட்ட ஆண்டைக்கொண்டு கணிக்காமல், துறைமுக மூப்பனும் நிலவுடைமையாளரான ஜன்மியும் அந்தத் தயவின் மேல் கொண்டிருந்த உரிமையை இழந்த ஆண்டுகளைக்கொண்டு கணிப்பதே பொருந்தும் என்பது இக்கட்டுரையின் வாதம். பொருளியல் சீர்திருத்தம் அங்கே நிலைபேற்றுக்கு முன்போ பின்போ வந்ததன்று, நிலைபேறு என்பதே அதுவாக இருந்தது.

கொச்சிச் சமஸ்தானத்தைத் தனியாட்சி என்று அழைப்பதற்குச் சிலர் தயங்கக்கூடும். அங்கே 1925 முதலே பெரும்பான்மை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு சட்டசபை இருந்தது. ஆயினும் வரையறுக்கப்பட்ட பன்மையை அனுமதித்துக்கொண்டே, பொறுப்புக் கூறவேண்டிய கட்டாயமின்றி நடக்கும் ஆட்சியே தனியாட்சி என்ற லின்ஸின் இலக்கணத்துக்கு, திவானை நீக்க முடியாத அந்தச் சபையைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. 1938இல் வந்த இரட்டையாட்சியில் சில வளர்ச்சித் துறைகள் மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் அமைச்சரிடம் விடப்பட்டன. அம்பாட்டு சிவராம மேனன் அவ்வாறு பொறுப்பேற்ற முதல் அமைச்சர். நிதியும் காவலும் திவான் ஆர். கே. சண்முகம் செட்டியாரிடமே இருந்தன. கோயம்புத்தூர்க்காரரான அவர் பின்னர் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரானார். சிலப்பதிகாரப் புகார்க் காண்டத்துக்கு உரை கண்டவரும் அவரே. பழந்தமிழ்த் துறைமுக நகரைப் பாடும் காண்டத்துக்கு உரை எழுதியவர், மலையாளக் கரையில் ஒரு புதுத் துறைமுகம் வளர்ந்த காலத்தில் அதன் திவானாக இருந்தார் என்பது ஒரு சுவையான தற்செயல்.

நிலைமாற்றம் அங்கே சுருக்கமாகவே முடிந்தது. 1941இல் தோன்றிய கொச்சி ராஜ்ய பிரஜாமண்டலம் பொறுப்பாட்சி கேட்டது. 1946 செப்டம்பரில் பனம்பிள்ளி கோவிந்த மேனன், சி. ஆர். இய்யுண்ணி, டி. கே. நாயர், வைப்பின் தீவின் செறாயியில் பிறந்த சகோதரன் ஐயப்பன் ஆகியோர் அமைச்சர்களாயினர். 1949 ஜூலை 1ஆம் நாள் கொச்சி திருவிதாங்கூருடன் இணைந்தது. அண்டைத் திருவிதாங்கூரில் புன்னப்புரை–வயலார் தொழிலாளர் எழுச்சியில் சிந்திய இரத்தத்தோடும், திவான் சி. பி. ராமசாமி ஐயர் வெட்டுப்பட்டு வெளியேறிய நிகழ்வோடும் ஒப்பிட்டால், கொச்சியில் எல்லாம் ஏறத்தாழ ஒரு கோப்பு மேசை மாறியது போலத்தான் நடந்தது. நிலைமாற்ற ஆய்வாளர்கள் விரும்பும் 'உடன்படிக்கைவழி மாற்றம்' இதுவே. அதனால்தான் அதன் போதாமையும் விரைவில் வெளிப்பட்டது.

வைப்பின் தீவின் வடமுனையிலிருந்து சற்றுத் தொலைவிலுள்ள சேந்தமங்கலத்தில், கொச்சி அரசர்களின் பரம்பரை அமைச்சர்களான பாலியத்தச்சன்மாரின் மாளிகையை ஒட்டிய பொதுவழியில் ஒடுக்கப்பட்ட சாதியார் நடக்கக் கூடாதென்ற தடை 1947க்குப் பின்னும் நீடித்தது. அவ்வாண்டு டிசம்பர் 4இல் தொடங்கிய சத்தியாகிரகம் மூன்று மாதங்களுக்கு மேல் நடந்தது. 1948 மார்ச் 9இல் காவல்துறையின் தாக்குதலில் ஏ. ஜி. வேலாயுதன் உயிரிழந்தார். அப்போது ஆட்சியில் இருந்தது திவான் அல்ல, மக்கள் பிரதிநிதிகளின் அமைச்சரவை. செறாயியில் 1917இலேயே சாதி கடந்த 'மிச்ரபோஜன'த்தை நடத்திப் 'புலையன் ஐயப்பன்' என்று ஏசப்பட்டவர் அமைச்சராக அமர்ந்துவிட்ட அதே நாட்டில், ஒரு தெருவில் நடக்கும் உரிமைக்காக ஓர் உயிர் போயிற்று. மேலே மாறிய ஆட்சி கீழே மாறாத ஆதிக்கத்தோடு உடன்வாழ முடியும் என்பதற்கு இது முதற்சான்று.

இரண்டாவது சான்று மட்டாஞ்சேரியில் கிடைக்கிறது. மட்டாஞ்சேரி கொச்சி அரசருடையதாக இருந்தது. அதை ஒட்டிய ஃபோர்ட் கொச்சியோ மதராஸ் மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இரண்டுக்கும் எதிரே, துறைமுகப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ காயலைத் தூர்வாரிய மண்ணால் எழுப்பிய வெல்லிங்டன் தீவு. இத்துறைமுகத்தில் சரக்கு ஏற்றியிறக்கும் வேலை 'சாப்பா' என்னும் முறைப்படி நடந்தது. கப்பல் முகவர்களிடம் ஒப்பந்தமெடுத்த ஸ்டீவடோர்களின் ஆட்களான மூப்பன்மார், அன்றைக்குத் தேவைப்படும் தலைகளின் எண்ணிக்கைக்கு உலோக வில்லைகளைக் கொண்டுவந்து, காத்து நிற்கும் கூட்டத்தின் நடுவே வீசுவார்கள். வில்லை கையில் கிடைத்தவனுக்கே அன்று வேலை. சிலநூறு வில்லைகளுக்கு அதனினும் பன்மடங்கு கைகள் நீளும். கீழே விழுந்தவனை மிதித்து, கைப்பிடியைப் பிரித்துப் பறித்து, உதடு கிழிந்தும் நகம் பெயர்ந்தும் எழுந்தவர்கள் அதே உடம்போடு மூட்டை சுமக்கப் போவார்கள். தமிழில் முத்திரைக்கு வழங்கிய 'சாப்பா' என்ற சொல்லே அங்கே வில்லைக்கும், அதன்வழி வேலைக்கும் பெயராயிற்று. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக் கங்காணியைப் பற்றி அறிந்த தமிழ் வாசகருக்கு மூப்பன் அந்நியன் அல்லன். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. கங்காணி கடனால் ஆளைக் கட்டிவைத்தான். மூப்பன் யாரையும் கட்டிவைக்கவில்லை. நாள்தோறும் எல்லோரையும் அவிழ்த்துவிட்டு மறுநாள் மீண்டும் போட்டியிடச் செய்தான். சாப்பா கிடைக்காதவன் தன்னோடு நின்றவனை வெறுத்தானே தவிர முறையை வெறுக்க நாளாயிற்று. அந்த முறையின் அரசியல் வலிமை இதில்தான் இருந்தது.

1951–52 பொதுத்தேர்தலில் இத்தொழிலாளர்கள் அனைவருக்கும் வாக்கு இருந்தது. வாக்குச்சாவடியில் எண்ணப்பட்ட அதே ஆள், மறுநாள் காலை துறைமுக முற்றத்தில் வில்லைக்காகத் தரையில் புரண்டான். சாப்பாவை ஒழிக்கக் கோரிய வேலைநிறுத்தம் 1953இல் எழுபத்தைந்து நாள் நீடித்தது. செப்டம்பர் 15ஆம் நாள் மட்டாஞ்சேரியில் காவல்துறை துப்பாக்கியால் சுட்டது; சைது, சைதலவி, ஆண்டனி என்ற மூவரின் பெயர்களைக் கொச்சி இன்றும் நினைவுகூர்கிறது. கே. எம். சிதம்பரன் எழுதிய 'துறமுகம்' நாடகத்தைத் தழுவிய திரைப்படம் 2023இல் வெளிவந்தபின் புதிய தலைமுறைக்கும் இந்நிகழ்வு தெரியவந்தது.

அன்றிருந்தது ஏ. ஜே. ஜானின் காங்கிரஸ் அமைச்சரவை. மட்டாஞ்சேரிச் சம்பவத்துக்கு ஒரு வாரத்துக்குப் பின் அது சட்டமன்றத்தில் கவிழ்ந்தது. கவிழ்த்தது துறைமுகப் பிரச்சினை அல்ல, தெற்கே தமிழ்ப் பகுதிகளை மதராஸ் மாநிலத்தோடு இணைக்கக் கோரிய திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் தன் ஆதரவை விலக்கிக்கொண்டதே காரணம். அடுத்த ஆண்டு அமைந்த பட்டம் தாணுப்பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் ஆட்சி, 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழ்ப் போராட்டக்காரர்கள் மேல் சுட்டபோது, அக்கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியாவே ஆட்சி பதவி விலக வேண்டுமென்றார், ஆட்சி விலகவில்லை. சுடும் பழக்கத்தைத் திவான்களிடமிருந்து மக்களாட்சிகள் கட்சி வேறுபாடின்றிச் சுவீகரித்துக்கொண்டன என்பதை இவ்விரு நிகழ்வுகளையும் சேர்த்துப் படித்தால்தான் உணர முடியும்.

இத்தகைய சூழலில் தேர்தல் வழியை விட்டு மக்கள் விலகியிருக்க வேண்டும். அந்தப் பாதை திறந்தும் இருந்தது. 1948இல் ஆயுதக் கிளர்ச்சியை ஏற்ற கம்யூனிஸ்ட் கட்சியினர், கைதான தோழர்களை மீட்க 1950 பிப்ரவரி 28இல் கொச்சியை அடுத்த எடப்பள்ளிக் காவல்நிலையத்தைத் தாக்கினர். காவலர் இருவர் மாண்டனர். அதே கட்சி ஏழாண்டுகளில் வாக்குகளால் கேரளத்தை ஆண்டது. அவ்வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட வி. விஸ்வநாத மேனன் 1987இல் மாநில நிதியமைச்சராக வரவுசெலவுத் திட்டம் படித்தார். 1959 ஜூலை 31இல் அதன் ஆட்சி அரசியலமைப்பின் 356ஆம் பிரிவால் கலைக்கப்பட்டபின் அக்கட்சி 1960 தேர்தலில் நின்று தோற்றது; பிளவுண்ட பின்னும் அதன் இரு பிரிவுகளும் கூட்டணியாக நின்று 1967இல் வென்றன. ஹண்டிங்டனின் அளவுகோலையும் லின்ஸின் அளவுகோலையும் கேரளம் இங்கே ஒருசேர நிறைவுசெய்கிறது. ஏன் நிறைவுசெய்தது என்பதை மட்டும் அவ்வளவுகோல்களால் சொல்ல முடியாது.

வாக்கு எதையோ பெற்றுத் தந்தது என்பதே அதற்கு விடை. துறைமுகத் தொழிலாளர் வேலை முறைப்படுத்தும் சட்டம் 1948இலேயே நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பம்பாய், கல்கத்தா, சென்னைத் துறைமுகங்களுக்கு 1950களின் தொடக்கத்தில் வந்த அதன் திட்டம் கொச்சிக்கு 1959இல் வந்தது. அரசு, முதலாளிகள், தொழிலாளர் என மூன்று தரப்பும் அமர்ந்த வாரியம் ஆட்களைப் பதிவுசெய்து, முறைவைத்து வேலைக்கு அனுப்பி, கப்பல் இல்லாத நாளுக்கும் வருகைப்படி தந்தது. மூப்பன் கையிலிருந்த வில்லை பதிவேட்டில் ஓர் எண்ணாக மாறியது. பேட்ரிக் ஹெல்லர் கேரளத் தொழிலுறவுகளை ஆராய்ந்து, போர்க்குணமிக்க தொழிற்சங்கம் பேரம் பேசும் நிறுவனமாக முதிர்ந்ததைக் காட்டியது இத்தகைய வாரியங்களின் பின்னணியில் வைத்துப் பார்க்கத்தக்கது.

நிலத்தில் இது இன்னும் நீண்டது. கொச்சி அரசு 1943இல் வெறும்பாட்டக்காரர்களுக்கு, அதாவது எந்த முன்பணமும் உரிமைப் பிடிமானமும் இன்றிக் குத்தகைக்கு உழுதவர்களுக்கு, நிலைத்த குத்தகையை அளித்திருந்தது. தனியாட்சி எதையும் செய்யவில்லை என்பது நேர்மையான கூற்றாகாது. ஆனால் பிறர் பறம்பில் குடிசை போட்டு, அதற்கு ஈடாக அழைத்தபோதெல்லாம் உழைத்த குடிகிடப்புக்காரரை அது தொடவில்லை. 1957 ஏப்ரலில் பதவியேற்ற ஒரு வாரத்துக்குள் ஈ. எம். எஸ். நம்பூதிரிப்பாடு அரசு வெளியேற்றத்தைத் தடுத்து அவசரச் சட்டம் பிறப்பித்தது. 1963ஆம் ஆண்டுச் சட்டமும் 1969ஆம் ஆண்டுத் திருத்தமும் கடந்து, 1970 ஜனவரி 1 முதல் ஜன்மியம் ஒழிந்தது. குடிகிடப்புக்காரர் தம் குடிசை நின்ற மனையை ஊராட்சிப் பகுதியில் பத்து சென்ட் வரை, சந்தை விலையில் காற்பங்குக்கு, அதிலும் பாதியை அரசே ஏற்கப் பெற்றார். தமிழ்நாட்டில் 1971இன் குடியிருப்புச் சட்டம் ஏறத்தாழ இதையே செய்ய முயன்றது. பத்து சென்டில் பிழைக்க முடியாதென்ற விமர்சனம் சரியானதே. ஆனால் அதன் பயனை விளைச்சலில் தேடுவது தவறு. வாக்களித்துவிட்டு வீடு திரும்பும்போது வீடு இருக்கும் என்ற உறுதியே அதன் விளைச்சல்.

1989க்குப் பின் கிழக்கு ஐரோப்பாவை ஆராய்ந்த கிளாஸ் ஓஃபே, மக்களாட்சியையும் சந்தையையும் ஒருசேரக் கட்டுவது ஒன்றையொன்று கெடுக்கும் என்று அஞ்சினார்; போலந்து 1990 ஜனவரி 1இல் பால்செரோவிச் திட்டத்தை ஒரே வீச்சில் தொடங்கியபோது, தனியாட்சியை வீழ்த்திய க்டான்ஸ்க் கப்பல்கட்டும் தொழிலாளர்களே அதன் சுமையை முதலில் தாங்கினர். கொச்சியில் வரிசை வேறு. சீர்திருத்தத்தைக் கேட்டவர்களே அதன் பயனாளிகள். கொடுத்தவர்கள் அவர்களின் வாக்குக்கு அஞ்சியவர்கள்.

இவ்வாதத்துக்கு வைப்பின் தீவே கடுமையான மறுப்பாகவும் நிற்கிறது. 1341இல் பெரியாற்று வெள்ளம் கொச்சி அழிமுகத்தைத் திறந்தபோது உருவான தீவு இது. அந்நிகழ்வை ஆண்டுத் தொடக்கமாகக் கொண்டு 'புதுவைப்பு' என்றொரு சகாப்தமே வழங்கியது. இதன் கீழைப் பக்கத்துப் பொக்காளி வயல்களில் மழைக்காலத்தில் உப்பைத் தாங்கும் நெல் விளையும். அறுவடைக்குப் பின் தூம்பைத் திறந்து காயல் நீரை ஏற்றி, பௌர்ணமி–அமாவாசை ஓதங்களில் வலைகட்டி இறால் பிடிப்பார்கள். கோடையில் குத்தகை முடிந்ததும் 'கெட்டுக் கலக்கல்' என்று மிச்ச மீனை ஊரார் இறங்கி அள்ள விடுவது வழக்கம். நிலச்சட்டத்தின் கண்ணுக்கு வயல் தெரிந்தது, ஓதம் தெரியவில்லை. உழவனுக்குப் பட்டா தந்த சட்டத்தால் கடலோரப் புறம்போக்கில் குடிசையிட்ட மீனவனுக்கு எந்த ஜன்மியையும் காட்ட முடியவில்லை; அவன் நின்ற மணலுக்கு ஜன்மி அரசே. பொருளியலாளர் ஜான் குரியன் 1995இல் கேரள மாதிரியின் விளிம்பில் நிற்பவர்களாக மீனவரைச் சுட்டியதன் உட்பொருள் இதுவே.

துறைமுகத்திலும் பதிவேடு ஒரு மதிலாயிற்று. உள்ளே இருந்தவருக்குக் காப்பு, வெளியே நின்றவருக்குக் கதவடைப்பு. 1997ஆம் ஆண்டுச் சட்டம் பெருந்துறைமுகங்களில் வாரியங்களைத் துறைமுக நிர்வாகத்தோடு கரைக்க வழிசெய்தது. கண்டெய்னர் மூட்டையை ஒழித்தது. வல்லார்பாடத்துப் பன்னாட்டுக் கண்டெய்னர் முனையத்துக்கான சாலைக்கும் இருப்புப்பாதைக்கும் 2008 பிப்ரவரியில் மூலம்பிள்ளியில் வீடுகள் இடிக்கப்பட்டபோது, பத்து சென்ட் தந்த உறுதிக்கு அரசே எதிர்த்தரப்பானது. அதற்கு முன் 2004இல் கோஸ்ரீ பாலங்கள் திறக்கப்பட்டு, படகை நம்பியிருந்த வைப்பின் மக்கள் எறணாகுளத்துக்குப் பேருந்தில் செல்லத் தொடங்கியதும் காயலின் ஒரு பகுதியைத் தூர்த்து விற்ற பணத்தால்தான். ஆனால் அதை எதிர்த்தவர் சிலரே.

வைப்பின் தீவின் புதுவைப்பில் துறைமுக நிலத்தில் எரிவாயு முனையம் கட்டுவதை எதிர்த்துக் கடலோர மக்கள் ஆண்டுக்கணக்கில் பந்தலிட்டு அமர்ந்தனர். 2017 ஜூனில் காவல்துறை அவர்கள்மேல் தடியடி நடத்தியபோது மாநிலத்தை ஆண்டது, 1953இல் மட்டாஞ்சேரியில் சுடப்பட்டவர்களைத் தன் தியாகிகளாகப் போற்றும் கம்யூனிஸ்ட் இயக்கம். அவ்வாண்டு டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் மனுவைத் தள்ளுபடி செய்தது. 2021 தேர்தலில் வைப்பின் தொகுதி மீண்டும் அதே இயக்கத்தின் வேட்பாளரையே சட்டமன்றத்துக்கு அனுப்பியது. முனையத்தை எதிர்த்தவர்களும் அந்த வாக்கு வரிசையில்தான் நின்றிருந்தனர்.