பேராதனையில் எழுந்த ஒரு வினா

கருவிகள் பெருகுமிடத்து ஆராயும் உள்ளமும் தானே வளரும் என்றொரு நம்பிக்கை இன்று நம்மிடையே வேரூன்றியுள்ளது. கேட்ட மாத்திரத்தில் விடை கூறும் கணினிகள் மாணவர் கைக்கு வந்துவிட்ட இக்காலத்தில், இந்நம்பிக்கை எத்துணைப் பொருத்தமானது என்பதை ஆராய்தல் அவசியமாகின்றது. அதற்கு நாம் தொலைவிற் செல்ல வேண்டியதில்லை. நமது பல்கலைக்கழகத்துக்கு அண்மையில், மகாவலி வளைந்தோடும் பேராதனைத் தாவரவியற் பூங்காவை நிலைக்களமாகக் கொண்டு 1880ஆம் ஆண்டில் தொடங்கிய ஓர் ஆராய்ச்சியே தக்க சான்றாகும்.

கண்டியைச் சூழ்ந்த மலைகள் அக்காலத்திற் கோப்பித் தோட்டங்களாக விளங்கின. 1869இல் மதுல்சீமைப் பகுதியிற் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பொடி படிந்திருக்கக் காணப்பட்டது. பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவெயிற்ஸ் நோயுற்ற இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பங்கசுகள் பற்றிய அறிவிற் சிறந்த பேர்க்லி அவற்றை ஆராய்ந்து, நோய்க்குக் காரணமான பங்கசுக்கு ஹெமிலேயா வஸ்தாத்திரிக்ஸ் எனப் பெயரிட்டார். பெயர் கிடைத்ததாயினும் விளக்கம் கிடைக்கவில்லை. மண் வளங்குன்றியதே காரணம் என்றனர் சிலர். பருவநிலையின் கேடே காரணம் என்றனர் வேறு சிலர். பத்தாண்டுகள் இவ்வாறு கழிந்தன.

இந்நிலையிலேயே ஹரி மார்ஷல் வார்ட் 1880இல் இலங்கைக்கு வந்தார். 1854இல் பிறந்த அவர், கேம்பிரிட்ஜிற் படிப்பை முடித்து ஓராண்டே ஆகியிருந்த இளைஞர். அவரிடமிருந்த முதன்மையான கருவி நுணுக்குக்காட்டி ஒன்றே. அது அன்று புதுமையான பொருளன்று. பேர்க்லியும் அதனையே கையாண்டவர். வார்ட்டை வேறுபடுத்தியது அவர் எழுப்பிய வினாவாகும். மரம் நலிவுற்றதால் நோய் வந்ததா, நோய் வந்ததால் மரம் நலிவுற்றதா? நோய்க்குக் காரணம் பங்கசுவெனின், அஃது ஓர் இலையிலிருந்து மற்றோர் இலையை எவ்வாறு அடைகின்றது?

வினா பிறந்தபின் அதற்கேற்ற வழியும் பிறந்தது. கிளிசரீன் பூசிய கண்ணாடித் தகடுகளை அவர் கோப்பித் தோட்டங்களிலே திறந்த வெளியில் வைத்தார். காற்றில் மிதந்துவந்த வித்திகள் அவற்றில் ஒட்டிக்கொண்டன. அவ்வித்திகள் நீர்த்துளியில் முளைவிடுவதையும், முளைக்குழாய் இலைவாயினூடே உட்புகுவதையும் படிப்படியாகக் கண்டறிந்தார். ஊகமாயிருந்தது இவ்வாறு நிறுவப்பட்ட உண்மையாயிற்று. இவ்வுண்மையை வெளிப்படுத்தத் துணைநின்றது சிறிது கிளிசரீனும் கண்ணாடித் துண்டும் என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஆயினும் அவர் கண்ட விடை தோட்டத்துரைமார் விரும்பிய விடையன்று. அவர்கள் வேண்டியது மருந்து. வார்ட்டோ, இலையினுள்ளே புகுந்துவிட்ட பங்கசுவை மருந்து எட்டாது, அது முளைக்குமுன்னரே தடுத்தல் வேண்டும் என்றார். அன்றியும், இடைவெளியின்றி ஒரே பயிரைப் பரந்த நிலமெங்கும் நட்டமையே நோய் விரைந்து பரவ வழிசெய்தது என்றும் சுட்டிக்காட்டினார். ஏமாற்றமடைந்தோரிடையே 1882இல் அவர் நாடு திரும்பினார். கோப்பி அழிந்தது, தமிழகத்திலிருந்து வந்து உழைத்த தொழிலாளரும் அவ்வழிவின் சுமையைத் தாங்க நேர்ந்தது. லூல்கந்துரவில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலைப் பயிர்ச்செய்கை, கோப்பி மறைந்த மலைகளிற் பரவியது. பயிர் மாறியதேயன்றி, மலைக்கு மலை ஒரே பயிர் என்னும் முறை மாறவில்லை. 1946இல் தேயிலையைக் கொப்புள நோய் பற்றியபோது, அறுபது ஆண்டுகளுக்கு முன் கேட்கப்பட்ட எச்சரிக்கை மீண்டும் நினைவுகூரத்தக்கதாயிற்று.

இவ்வரலாறு ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உணர்த்துவது யாது? கருவி நாம் கேட்டதற்கே விடை தருகின்றது. கேளாததைப் பற்றி மௌனம் சாதிக்கின்றது. நமது ஆய்வுகூடங்களிலே நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தபடி, பாடநூலிலுள்ள படத்தையே ‘கண்டதாக’ வரைந்து புள்ளி பெறும் மாணவர் இல்லையென்று கூற முடியுமா? கணினி தந்த விடையைப் பெயர்த்தெழுதும் இன்றைய மாணவர் அவரது வழித்தோன்றலே ஆவர். குறை கருவியினுடையதன்று, கண்டதை வரைந்தவரிலும் எதிர்பார்த்ததை வரைந்தவருக்குக் கூடிய புள்ளி வழங்கும் முறையினுடையது. வசதியின்மையைக் காரணங்காட்டுதலும் முழுதும் பொருந்தாது. வசதிகள் வேண்டியவையே, ஆனால் வினாவின்றி வரும் வசதி, பயன்படாப் பொருளாகவே எஞ்சும்.

ஆகவே, ஆய்வுகூடத்திலும் கணினி முன்னும் மாணவர் முதலில் எழுத வேண்டியது விடையன்று, வினாவே. தாம் எதிர்பார்ப்பது யாது, அது தவறெனில் எதனைக் கொண்டு அறியலாம் என்பதையும் அவர் குறித்தல் வேண்டும். எதிர்பாராத விடை வருமிடத்து அதனை மறைக்காது உரைக்கும் துணிவுக்கும் ஆசிரியர் புள்ளி வழங்குதல் வேண்டும். 1952இல் பேராதனைக்கு வந்த நமது பல்கலைக்கழகத்தின் அயலிலேயே இப்பாடம் அதற்கு முன்னரே கற்பிக்கப்பட்டிருந்தது. அதனைக் கற்றுக்கொள்வது நம் கடனாகும்.