அறிவின்மையைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள்

அறிவின்மையைக் குறிக்கப் பேதைமை, மடமை, மூடத்தனம், முட்டாள்தனம், அசட்டுத்தனம், அபத்தம் எனப் பல சொற்கள் தமிழில் வழங்குகின்றன. இவை ஒருபொருட் பன்மொழிகள் போலத் தோன்றினும் பிறந்த இடம் வேறுவேறாகும். சில இளம்பருவத்தையும், சில அயலாரையும், சில நோயையும் குறித்து நின்று பின்னர் வசைச் சொற்களாயின. இத்தகைய மாற்றம் ஆங்கிலத்திலும் டேனிய மொழியிலும் நிகழ்ந்துள்ளது.

ஐந்து சீடர்கள்

இச்சொற்களில் ஐந்தினை ஒரே இடத்தில் காட்டும் நூல் வீரமாமுனிவரின் பரமார்த்த குருவின் கதை ஆகும். இத்தாலியில் 1680-ஆம் ஆண்டு பிறந்த இவரது இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. இவர் இயேசு சபையின் மதுரை மறைப்பணித் தளத்தில் பணியாற்றினார். திண்டுக்கல்லில் உள்ள இயேசு சபையினரின் பெஸ்கி இல்லம் இவர் பெயரைத் தாங்கியுள்ளது. 1732-இல் சதுரகராதியைத் தொகுத்த அகராதிக்காரர் என்பதாலோ என்னவோ, கதையில் வரும் சீடர்களுக்கு மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று அகராதியில் அடுக்கத்தக்க பெயர்களையே சூட்டினார்.

இவற்றுள் மூடன், மிலேச்சன் ஆகியவை வடசொற்கள். மிலேச்சன் என்பது முதலில் அறிவிலியைக் குறித்ததன்று; வேற்று மொழி பேசும் அயலானை இழித்துரைத்த சொல் அது. ஐரோப்பியரும் அவ்வாறு அழைக்கப்பட்டனர். எனவே, ஓர் இத்தாலியர் தம் போன்றோரைச் சுட்டிய சொல்லையே ஒரு சீடனுக்குப் பெயராக்கியிருப்பது கவனிக்கத்தக்கது. பெஞ்சமின் பாபிங்டன் இக்கதையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1822-இல் இலண்டனில் வெளியிட்டார்.

பேதையும் மடமும்

பேதை என்பது பெண்களின் ஏழு பருவங்களுள் முதலாவது. ஐந்து முதல் ஏழு வயது வரையிலான சிறுமியை இது குறிக்கும். உலகியல் அறியாத பருவம் என்னும் பொருளிலிருந்தே அறிவிலி என்னும் பொருளும் கிளைத்தது எனலாம். திருக்குறள் பேதைமைக்கு 84-ஆம் அதிகாரத்தையும், புல்லறிவாண்மைக்கு 85-ஆம் அதிகாரத்தையும் ஒதுக்கியுள்ளது. முன்னது நன்மை தீமை அறியாமை. பின்னது சிற்றறிவை வைத்துக்கொண்டு தன்னைப் பேரறிவினனாக மதித்தல். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அடுத்தடுத்து வைத்தது நுட்பமானது; இன்றைய பேச்சில் இரண்டுக்கும் முட்டாள்தனம் என்ற ஒரே சொல்தான் பயன்படுகிறது.

மடம் என்னும் சொல்லின் நிலை இன்னும் வியப்புக்குரியது. அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு எனப் பெண்களுக்குரிய நாற்குணங்களுள் ஒன்றாக இது போற்றப்பட்டது. கற்பித்ததை ஏற்று அதிலிருந்து வழுவாதிருத்தல் என்றும், அறிந்தும் அறியாதது போலிருத்தல் என்றும் இதற்கு விளக்கம் கூறுவர். இதே அடியிலிருந்து வந்த மடமை பொதுவில் இழிவாகும். ஒரு பாலாருக்குக் குணமாகச் சொல்லப்பட்டது மற்றவரிடத்தில் குற்றமானது.

மடையன் என்பதும் இவ்வடியைச் சேர்ந்ததே. ஆயினும் மக்களிடையே வேறொரு விளக்கம் பரவியுள்ளது. திண்டுக்கல் சமவெளி போன்ற வறண்ட நிலங்களில் பாசனம் குளங்களையும் கண்மாய்களையும் சார்ந்தது. குளத்து நீரை வயலுக்கு விடும் வாயில் மடை ஆகும். வெள்ளக் காலத்தில் உயிரைப் பொருட்படுத்தாது மூழ்கி மடையைத் திறந்தவரே மடையர் என்றும், அத்தியாகம் பின்னாளில் வசையாகிவிட்டது என்றும் கூறுவர். கேட்க நெகிழ்ச்சியானதுதான். ஆனால் மடம் என்னும் சொல் அருகிலேயே இருக்க, வசைப்பொருளுக்கு மடைவாயில் வரை செல்லத் தேவையில்லை. பழந்தமிழில் சமையற்காரருக்கும் மடையர் என்ற பெயருண்டு. கோயில் மடைப்பள்ளியில் அம்மடை இன்றும் வழங்குகிறது.

டேனிய, ஆங்கில ஒப்பீடு

டென்மார்க்கின் மோல்ஸ் பகுதி மக்கள் அந்நாட்டுக் கதைகளில் பரமார்த்த குருவின் சீடர்களைப் போன்றவர்கள். வயலில் இறங்கிய நாரையை விரட்டப் போகும் இடையனின் பெரிய பாதங்கள் பயிரை மிதித்துவிடுமே என்று, எட்டுப் பேர் அவனைத் தூக்கிச் சென்றதாக ஒரு கதை உண்டு. மோல்ஸ்காரன் என்று பொருள்படும் மோல்போ என்னும் சொல்லே டேனிய மொழியில் அறிவிலியையும் குறிக்கும். இங்கிலாந்தில் கோதம் என்ற ஊருக்கு இப்பெயர் கிடைத்தது. ஆற்றைக் கடந்த சீடர்கள் தம்மை விட்டுவிட்டு எண்ணி ஒருவர் குறைவதாக அழும் கதை கோதம் ஊரார் பேரிலும் சொல்லப்படுகிறது.

ஆங்கிலத்தில் அசட்டுத்தனமானது எனப் பொருள்படும் சில்லி என்னும் சொல் முற்காலத்தில் பேறுபெற்ற என்னும் பொருளுடையது. பின்னர் கள்ளமற்ற, இரங்கத்தக்க என்றாகி இறுதியில் இந்நிலையை அடைந்தது. அதன் உறவுச் சொல்லான டேனிய சாலி இன்றும் பேறுபெற்ற என்றே பொருள்படும். பேதை நடந்த வழியும் இதற்கு அண்மையானதே.

அப்சர்டு என்னும் ஆங்கிலச் சொல், சுருதி பிசகிய எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. டேனிய மெய்யியலாளர் கீர்க்ககார்டு 1843-இல் வெளிவந்த அச்சமும் நடுக்கமும் என்ற நூலில் இக்கருத்தை இறைநம்பிக்கையோடு இணைத்தார். தமிழில் இதற்கு வழங்கும் அபத்தம், கட்டப்படாதது எனப் பொருள்படும் வடசொல்லின் திரிபு. ஒன்று இசையிலிருந்தும், மற்றொன்று கட்டுக்குலைவிலிருந்தும் வந்து ஒரே பொருளைச் சேர்ந்தன. அபத்த நாடகம் என்னும் கலைச்சொல் இவ்வாறு அமைந்தது.

நோயும் சட்டமும்

பித்தன், பைத்தியம் ஆகியவை உடலின் பித்தத்தைக் காரணமாகக் கருதிய மருத்துவத்திலிருந்து வந்தவை. சிவபெருமானைப் பித்தன் என்று ஏசிய சுந்தரர், அச்சொல்லையே முதலாகக் கொண்டு பதிகம் பாடியதாகச் சைவ மரபு கூறும். தெய்வத்துக்கு ஒட்டிய அப்பெருமை நோயாளிகளுக்குக் கிட்டவில்லை. கிறுக்கன், ஆங்கிலவழி வந்த லூசு போன்ற பேச்சு வழக்குகளும் இவ்வகையினவே.

ஆங்கிலத்தின் இடியட் ஒருகாலத்தில் சட்டச் சொல்லாகும். 1912-ஆம் ஆண்டின் இந்தியப் பித்தர் சட்டத்திலும் அது இடம்பெற்றிருந்தது. இச்சட்டத்துக்கு மாற்றாக 1987-இல் மனநலச் சட்டமும், பின்னர் 2017-இல் மனநலப் பராமரிப்புச் சட்டமும் இயற்றப்பட்டன. டென்மார்க்கில் அறிவுத்திறன் குறைபாடு உடையோருக்கான 1959-ஆம் ஆண்டின் சட்டத்தின் தலைப்பிலேயே ஓன்ஸ்வே என்னும் சொல் இருந்தது. அது இன்று டேனியரின் அன்றாட வசை. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92-ஆவது பிரிவின்படி, மாற்றுத்திறனாளி ஒருவரைப் பொதுப்பார்வையில் இழிவுபடுத்தும் நோக்குடன் அவமதித்தால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். மனநோயும் அச்சட்டத்தில் அடங்கும்.