பரிந்துரைக் கடிதத்தின் எடை

1916இல் அண்ணல் அம்பேத்கர் கொலம்பியாவிலிருந்து லண்டன் பொருளாதாரப் பள்ளிக்குச் சென்றபோது, அவருடைய பேராசிரியர் எட்வின் செலிக்மன் அங்கிருந்த ஹெர்பர்ட் ஃபாக்ஸ்வெல்லுக்குப் பரிந்துரை எழுதினார். மாணவரின் ஆய்வை அருகிருந்து கண்டவரின் கடிதம் அது.

இன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் முனைவர் பட்டச் சேர்க்கைக்குப் பெரும்பாலும் மூன்று கடிதங்கள் கேட்கின்றன. 'நன்னடத்தை உடையவர், வகுப்பில் முதலிடம்' என்னும் கடிதம் மதிப்பெண் பட்டியலைத் தாண்டி எதுவும் சொல்வதில்லை. சோதனை பொய்த்தபோது மாணவர் என்ன செய்தார் என்று சொல்லும் கடிதமே எடை பெறும். ஆகவே ஆய்வுப் பயிற்சியைத் தேர்கையில், நிறுவனத்தின் பெயரைக் காட்டிலும், வழிகாட்டி வாரந்தோறும் சந்திப்பாரா என்பதே முதற்கேள்வி.

ஊதியமற்ற பயிற்சி, வீட்டுக்குப் பணம் அனுப்பவேண்டிய மாணவரை வாயிலிலேயே நிறுத்திவிடும். இந்தியாவின் மூன்று அறிவியல் கழகங்கள் இணைந்து நடத்தும் கோடைக்கால ஆய்வுத் திட்டம் உதவித்தொகை தருகிறது. ஆனால் அதற்கு விண்ணப்பிக்கவே ஓர் ஆசிரியரின் பரிந்துரை வேண்டும். ஆசிரியரின் அறைக்கதவோ எல்லோருக்கும் ஒன்றுபோல் திறப்பதில்லை.

இன்னொன்று: கடிதத்தைப் பார்க்கும் உரிமையைத் துறக்கிறீர்களா என்று அமெரிக்க விண்ணப்பங்கள் கேட்கும். துறந்தபின், காழ்ப்போடு எழுதப்பட்டாலும் மாணவர் அறியமாட்டார். 'வலுவான கடிதம் தர இயலுமா' என்று முன்கூட்டியே கேட்டு, தயக்கம் தென்பட்டால் வேறொருவரை நாடுவது நன்று. பல துறைகளுக்கு டிசம்பரே கடைசித் தேதி. அக்டோபரிலேனும் கேட்டுவிட வேண்டும்.