வரி இங்கே, ஏடு எங்கே? செய்யூர் வட்டாரத்தை முன்வைத்துப் பொது நூலகம் பற்றி ஒரு வாதம்

சிறுபாணாற்றுப்படையைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். அந்த இடைக்கழிநாடு இன்று செங்கல்பட்டு மாவட்டம் செய்யூர் வட்டத்தில் ஒரு பேரூராட்சி. கடப்பாக்கமும், கடலோரத்தில் இடிந்து கிடக்கும் ஆலம்பரைக் கோட்டையும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. வட்டத்தின் தலைமை ஊர் செய்யூர். பழைய நூல்களில் சேயூர். அவ்வூர் முருகன் மீது பதினேழாம் நூற்றாண்டில் அந்தகக்கவி வீரராகவ முதலியார் ஒரு பிள்ளைத்தமிழ் பாடினார். சேயூர்க் கலம்பகமும் அவர் பாடியதே. ஒரு கடலோர வட்டத்துக்கு இது சிறிய சொத்தன்று. ஆனால் இவற்றை ஆராய விரும்புகிறவர் யாரும் செய்யூருக்கு வருவதில்லை. சென்னைக்குப் போகிறார்; தஞ்சைக்குப் போகிறார்; சிலவற்றுக்குப் பாரிசு வரைகூடப் போக வேண்டியிருக்கிறது.

பழமையைக் காப்பது, மக்களுக்குப் பயன்படுவது என்று நூலகத்துக்கு இரண்டு கடமைகளைச் சொல்கிறோம். நூலகர் கூட்டங்களில் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவது வழக்கம். தமிழ்நாட்டில் நடைமுறையில் இவை வெவ்வேறு கட்டடங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டுவிட்டன: காப்பது தலைநகரத்து வேலை, பயன்படுவது கிளை நூலகத்து வேலை. இந்தப் பிரிவினை இரு கடமைகளையுமே பலவீனப்படுத்தியிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஓலைச்சுவடிக் காலத்தில் இந்தப் பிரிவினை இருந்திருக்க முடியாது. நம் வெப்பத்திலும் ஈரத்திலும், செல்லுக்கும் பூச்சிக்கும் நடுவில், ஓர் ஏடு சில தலைமுறைக்கு மேல் தாங்குவது அரிது. அது நைந்து போகுமுன் யாராவது புதிய ஓலையில் பெயர்த்து எழுத வேண்டும். யார் எழுதுவார்? படிக்க வேண்டும், பாடம் சொல்ல வேண்டும், கோயிலில் அரங்கேற்ற வேண்டும் என்ற தேவை உள்ளவர்தான். படிக்கப்பட்டது பெயர்த்து எழுதப்பட்டது, படிக்கப்படாதது மண்ணாயிற்று. அந்தகக்கவியின் நிலை இதற்கு நல்ல சான்று. அவருக்குப் பார்வை இல்லை. முதுகில் எழுதிக் காட்டி அவருக்கு எழுத்துக் கற்பித்தார்கள் என்பது செவிவழிச் செய்தி. அதை நம்பினாலும் நம்பாவிட்டாலும் ஒன்று உறுதி: அவர் வாயிலிருந்து வந்தது பிறர் கையால்தான் ஓலைக்குப் போயிருக்க வேண்டும். பிறகு இன்னும் பலர் கைகளால் படியெடுக்கப்பட்டு அச்சு யுகத்தை எட்டியது. அவருடைய திருவாரூர் உலாவை உ.வே.சாமிநாதையர் பதிப்பித்தார். நத்தத்தனார் பாட்டும் 1889இல் வந்த ஐயரின் பத்துப்பாட்டுப் பதிப்பு வழியாகவே நமக்குப் பரவலாகக் கிடைத்தது. ஐயர் ஏடு தேடி அலைந்த கதைகளில் ஆற்றில் விட்ட சுவடிகள் அதிகம் நினைவில் நிற்கின்றன. ஏடு கிடைத்த இடங்களைக் கவனித்தால் வேறொன்று தெரியும். அவை மடங்களாகவும் கவிராயர் வீடுகளாகவும், அதாவது படிப்பு நடந்த இடங்களாகவும் இருந்தன.

அச்சு வந்ததும் பெயர்த்து எழுதும் தேவை போயிற்று. மூல ஏடு கிடைத்தற்கரிய பொருளாயிற்று. பொருள் என்றாலே காவல் வேண்டும். காவல் என்றால் நகரம். 1869இல் சென்னையில் அமைந்த அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், நில அளவையாளர் காலின் மெக்கன்சி திரட்டிய சுவடிகளின் ஒரு பெரும் பகுதிக்கு வீடாயிற்று. தொண்டை மண்டலத்து ஊர்களில் அவருடைய ஆட்கள் கேட்டு எழுதியவையும் அதில் உண்டு. பின்னாளில் உ.வே.சா. நூலகம், மறைமலையடிகள் நூலகம், கோட்டையூரிலிருந்து வந்த ரோஜா முத்தையா செட்டியாரின் சேமிப்பு ஆகிய எல்லாம் சென்னையில் குவிந்தன. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ரோஜா முத்தையா 1992இல் மறைந்த பிறகு அவர் சேர்த்தவை உதிரியாக விலை போகாமல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் ஒரே இடத்தில் நின்றது தமிழ் ஆய்வுக்கு வாய்த்த பேறு. அவர் நாடக நோட்டீசையும் கல்யாணப் பத்திரிகையையும்கூடச் சேர்த்தவர். அத்தகைய துண்டுக் காகிதங்களைக் கிளை நூலகம் எதுவும் சீந்தியிருக்காது.

கிளை நூலகத்தின் கதை வேறு. சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948இல் நிறைவேறியது. சீர்காழியில் பிறந்த நூலகவியலாளர் எஸ்.ஆர்.ரங்கநாதனின் நெடுநாள் உழைப்பு அதன் பின்னால் இருந்தது. அந்தச் சட்டத்தின் உயிர்நாடி நூலக வரி. வீட்டு வரியோடு சேர்த்து ரூபாய்க்கு ஆறு தம்படி என்று தொடங்கியது இன்று பத்துக் காசாக உயர்ந்திருக்கிறது. செய்யூரில் ஓட்டு வீட்டுக்கு வரி கட்டுகிறவரும் இதைக் கட்டுகிறார். ரசீதைக் கூர்ந்து பார்த்தால் தெரியும். அரசின் தயவில் அல்லாமல் ஊராரின் காசில் நடக்கும் நூலகம் என்பதே சட்டத்தின் நோக்கம். ஆனால் அந்தக் காசில் என்ன வாங்குவது என்பது பெரும்பாலும் சென்னையில் முடிவாகிறது. அச்சுப் பாரக் கணக்கில் விலை வைத்து ஒரே தலைப்பு மாநிலம் முழுதும் அனுப்பப்படுகிறது. கம்பத்துக்குப் போகும் கட்டும் கடப்பாக்கத்துக்கு வரும் கட்டும் ஏறக்குறைய ஒன்றே. அருகிலுள்ள கேரளத்தில் 1945இல் பி.என்.பணிக்கர் தொடங்கிய கிரந்தசாலை இயக்கத்தில் நூலகத்தை ஊராரே நடத்தினார்கள். இங்கே ஊரார் பணம் தருகிறார்கள், துறை நடத்துகிறது. 2006க்குப் பின் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் கட்டிய நூலகங்களுக்கு நேர்ந்தது இதன் உச்சம்: கட்டடம் வந்தது, பலவற்றில் பூட்டும் வந்தது.

இருந்தும் கிளை நூலகம் செத்துப்போன இடமன்று. காலையில் நாளிதழ் பார்க்க வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர், குரூப் 4 தேர்வுக்கும் காவலர் தேர்வுக்கும் குறிப்பெடுக்கும் இளைஞர்கள், வீட்டில் மேசையும் விளக்கும் இல்லாததால் வரும் பள்ளிப் பெண்கள் என்று நம் கிளை நூலகங்கள் நிரம்பித்தான் இருக்கின்றன. போட்டித் தேர்வு மாணவர்களால் நூலகம் படிப்பு மண்டபமாகிவிட்டது என்று புலம்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஏழைப் பிள்ளைக்கு அமைதியான ஓர் இருக்கை தருவதும் நூலகச் சேவைதான். குறை இருக்கையில் இல்லை, அலமாரியில் இருக்கிறது. அங்கே உலகம் இருக்கிறது, ஊர் இல்லை.

ஊர் எங்கே இருக்கிறது? ஆலம்பரையை எடுத்துக்கொள்வோம். 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து 1760இல் ஆங்கிலேயர் இடித்த அந்தத் துறைமுகக் கோட்டை, புதுச்சேரித் துபாஷ் ஆனந்தரங்கம் பிள்ளையின் நாட்குறிப்பில் இடம்பெறுகிறது. நாட்குறிப்பை 1846இல் கண்டெடுத்தவர் காலுவா மொம்பிரோன். ஏரியல் என்ற பிரெஞ்சுக்காரர் எடுத்த படி பாரிசு தேசிய நூலகத்தில் சேர்ந்தது. கடப்பாக்கத்துப் பிள்ளைகள் கோட்டையைப் படகுச் சவாரிக்கும் சினிமாப் படப்பிடிப்புக்கும் உரிய இடமாகவே அறிவார்கள்.

இன்னும் கனமான சான்று செங்கற்பட்டுச் சீமைக் கணக்குகள். ஆற்காட்டு நவாபிடமிருந்து 1763இல் இந்தச் சீமையை ஜாகீராகப் பெற்ற கும்பினியார், 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளரைக் கொண்டு ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்தார்கள். எத்தனை வீடுகள், எந்தத் தொழில் குடிகள், ஏரி எவ்வளவு, நஞ்சை புஞ்சை எவ்வளவு, விளைச்சலில் கோயிலுக்கும் வெட்டியானுக்கும் கணக்குப்பிள்ளைக்கும் என்ன பங்கு என்று ஊர் ஊராக விவரம் இருக்கிறது. ஆங்கிலச் சுருக்கங்கள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ஊர்க் கணக்குப்பிள்ளைகள் தமிழில் எழுதிய விரிவான ஓலைகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. அவற்றிலிருந்து திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய இரண்டு ஊர்களின் கணக்கைச் சென்னைக் கொள்கை ஆய்வு மையம் 2001இல் நூலாக்கியது. அந்த இரண்டு ஊர்களுக்கு வந்தது மற்ற ஊர்களுக்கும் வர வேண்டும் என்பது வரலாற்றாசிரியரின் ஆசை. என் கோரிக்கை அதைவிடச் சிறியது: அந்தந்த ஊர் ஓலையின் படம், எழுத்துப்பெயர்ப்போடு, அந்தந்த வட்டக் கிளை நூலகத்தில் இருக்கட்டும்.

மூல ஏட்டையே ஊருக்குத் திருப்புங்கள் என்று கேட்கவில்லை. உப்புக் காற்றும் புயலும் அடிக்கும் கரையில், குளிரூட்டமும் எலுமிச்சைப்புல் எண்ணெயும் பயிற்சி பெற்ற கையும் இல்லாத ஓர் அறையில் ஓலையை வைப்பது கொலைக்குச் சமம். ஆனால் ஒரே இடத்தில் குவிப்பதும் பாதுகாப்பன்று. 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் போயின. போனவற்றில் வேறெங்கும் படி இல்லாதவையே ஈடுசெய்ய முடியாத இழப்பு. அந்தச் சாம்பலைக் கண்ட சமூகத்திலிருந்து 2005இல் நூலகம் என்ற எண்ணிம நூலகத் திட்டம் எழுந்ததும், ஊர்ச் சிற்றிதழையும் நினைவு மலரையும்கூட அது விடாமல் படியாக்குவதும் தற்செயல் அல்ல. படி பெருகுவதே காவல் என்ற ஓலைக்காலத்து அறிவு அங்கே திரும்பி வந்திருக்கிறது.

எல்லாம் இணையத்தில் ஏறிவிட்டால் கிளை நூலகம் எதற்கு என்று கேட்கலாம். இணையத்தில் இருப்பது தேடத் தெரிந்தவருக்கே கிடைக்கும். பதினெட்டாம் நூற்றாண்டுக் கணக்கெழுத்தும் பின்னக் குறியீடுகளும் பட்டதாரிக்கே புரியாது. படத்தைப் படித்துக் காட்டவும், பக்கத்தில் உட்கார்ந்து அர்த்தம் சொல்லவும் ஊரிலேயே ஓர் ஆள் வேண்டும். மைசூரில் இருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021இல் உத்தரவிட்டபோது நாம் மகிழ்ந்தோம். சென்னையிலிருந்து செய்யூர் வரையுள்ள மிச்ச வழியைப் பற்றி யாரும் வழக்குப் போடவில்லை.

உள்ளூர்த் தொகுப்பு என்று ஒன்றைக் கிளை நூலகத்தில் தொடங்கினால் அதில் முதலில் எதை வைப்பது? பிள்ளைத்தமிழும் கலம்பகமும் என்றுதான் பலரும் சொல்வார்கள். கோயில் விழாவில் வெளியிடவும் வசதி. நான் வேறொன்றைச் சொல்வேன். செங்கற்பட்டு மாவட்டப் பறையர்களின் நிலை பற்றி ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை. அதன் விளைவே 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட அரசாணை 1010. பஞ்சமி நிலம் என்று மக்கள் சொல்லும், தாழ்த்தப்பட்டோருக்கான நில ஒதுக்கீட்டின் தொடக்கம் அதுதான். இந்த மாவட்டத்தைப் பார்த்து எழுதப்பட்ட ஓர் ஆவணம் மாகாணம் முழுவதற்கும் ஆணையாயிற்று. நூறாண்டு கழிந்து 1994 அக்டோபரில், இதே மாவட்டத்துக் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியவர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். இன்றும் அந்த நிலத்துக்கு உரிமை கோருகிறவர் பழைய செட்டில்மென்ட் பதிவேட்டையும் 'அ' பதிவேட்டையும் தேடி அலுவலகம் அலுவலகமாக அலைகிறார். அவருக்கு மரபு என்பது அந்தப் பதிவேட்டின் ஒரு வரி.

இது சிக்கலை வரவழைக்கும் என்பது தெரியும். பர்னார்டு கணக்கும் அப்படித்தான். யாருக்கு மானியம் இருந்தது, யாருக்கு இல்லை, எந்தக் குடி எங்கே இருந்தது என்று அது பேர் சொல்லிப் பேசும். சாதிப் பெருமை பேசுகிறவரும் அதைக் கையிலெடுப்பார், நிலம் இழந்தவரும் எடுப்பார். நூலகருக்கு மேலிடத்திலிருந்து தொலைபேசி வரலாம். சிறுபாணாற்றுப்படையை வைத்தால் எந்தத் தொலைபேசியும் வராது. ஆனால் நூலக வரியில் நிலம் இழந்த குடியிருப்புக்காரரின் பத்துக் காசும் இருக்கிறது. ஆகவே செய்யூர் அலமாரியில் முதல் இடத்தை நான் டிரெமென்ஹீர் அறிக்கையின் தமிழாக்கத்துக்கே ஒதுக்குவேன். கலம்பகம் அதற்கு அடுத்து நிற்கட்டும்.