நாடக ஒலிக் குறிப்பு

நாடகம் நடந்துகொண்டிருக்கும்போது எந்தக் கணத்தில் எந்த ஒலி எழ வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என்று இடப்படும் கட்டளை. அக்கட்டளைகளை எழுதிவைத்து நிறைவேற்றும் முறைக்கும் இதுவே பெயர். நாடகக்காரர்கள் பேச்சில் இது ‘க்யூ’. இடி, மழை, கதவு தட்டல், தொலைபேசி மணி, துப்பாக்கி வெடி, காட்சிகளுக்கு நடுவே வரும் இசை என ஒவ்வொன்றுக்கும் தனிக் குறிப்பு உண்டு. இதன் வரலாற்றைப் பெரும்பாலும் ஒலி எழுப்பிய கருவிகளின் கதையாகவே எழுதிவிடுகிறார்கள். கருவிகள் மாறிக்கொண்டே வந்தன என்பது உண்மைதான். ஆனால் இடி நிஜ இடியைப் போலவே இருந்தாலும், நடிகர் அண்ணாந்து பார்த்து அரை விநாடி கழித்து அது வந்தால் காட்சி படுத்துவிடும். இந்தக் கலையில் முதலிடம் நேரத்துக்குத்தான்.

பழைய அரங்குகள்

கிரேக்க அரங்கில் இடிக்கென்றே ‘பிரொன்டெயோன்’ என்ற கருவி இருந்தது. கூழாங்கற்களை வெண்கலத்தில் மோதவிட்டு அதில் முழக்கம் எழுப்பினார்கள். தெய்வங்கள் தோன்றும் காட்சியில் திடீரென இடி முழங்குவதை ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் குறிப்பிடுகிறார். அலெக்சாந்திரியாவின் ஹெரான் இன்னும் ஒரு படி மேலே போனார். அவர் விவரித்த தானியங்கிப் பொம்மை அரங்கில் உலோகக் குண்டுகள் இழுத்துக் கட்டிய தோலில் விழுந்து இடியாகும். கீழிறங்கும் ஒரு பாரம் கயிறுகளை இழுக்க, அச்சில் சுற்றிய கயிறுதான் எது முன்னே, எது பின்னே என்பதைத் தீர்மானித்தது. மனிதக் கை இல்லாமலே உரிய நேரத்தில் ஒலி எழுந்த ஏற்பாடுகளில் நமக்குத் தெரிந்த மிகப் பழையவற்றில் இதுவும் ஒன்று.

சமஸ்கிருத நாடகப் பிரதிகளில் ‘நேபத்யே’ என்ற குறிப்பு அடிக்கடி வரும். திரைக்குப் பின்னால் என்று பொருள். காளிதாசரின் சாகுந்தலத்தில் துர்வாசர் மேடைக்கு வருவதே இல்லை. தோழியர் இருவர் பூக்கொய்துகொண்டிருக்க, உள்ளிருந்து அவர் குரல் மட்டும் கேட்கிறது. கதையின் போக்கையே திருப்பும் சாபம் அந்தக் குரலில்தான் வருகிறது. நம் தெருக்கூத்தில் எதுவும் எழுதிவைப்பதில்லை. வாத்தியக்காரர்கள் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். இருவர் பிடித்த திரைக்குள்ளிருந்து வேடக்காரர் பாட, திரை விலகும் கணத்தை மிருதங்கக்காரர் கண்ணால் பார்த்தே பிடித்துக்கொள்கிறார்.

ஒலிக் குறிப்பை ஒரு தனித் தொழிலாகவே வளர்த்தது ஜப்பானியக் கபுகி. ‘கி’ எனப்படும் இரண்டு கெட்டி மரக்கட்டைகளை ஒன்றோடொன்று தட்டும் ஓசையே அங்கே கட்டளை. ஆட்டம் தொடங்குமுன் நடிகர்களையும் இசைக்காரர்களையும் தயார்ப்படுத்துவதும், வேகவேகமாகத் தட்டித் திரையை இழுக்க வைப்பதும் அந்தக் கட்டைகள்தாம். இன்னொருவர், பார்வையாளருக்கு வலப்பக்கம், மேடை ஓரத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, தரையில் வைத்த பலகையில் கட்டைகளால் அடிப்பார். நடிகர் ஓடும்போது ஓட்டத்தின் ஒலி, சண்டையில் வெட்டின் ஒலி, நடிகர் கண்ணை உருட்டி உறைந்து நிற்கும்போது அந்த நிலைக்கு முத்திரைபோல இரண்டு அடி. கட்டைக்காரரின் பார்வை நடிகரை விட்டு நகராது. பனி விழுவதற்கும் அங்கே ஒலி உண்டு. பனிக்கு உண்மையில் சத்தமே கிடையாது. பெரிய முரசைத் துணி சுற்றிய கோலால் மெல்லத் தட்டுவார்கள். அரங்கம் குளிர்ந்துவிடும். நிஜ ஒலியைப் பிடித்துவந்து காட்டுவதைவிட இது உயர்ந்த கலை.

லண்டன் மேடையும் ஆணியில் தொங்கிய தாளும்

ஷேக்ஸ்பியர் காலத்து லண்டனில் முரசும், மரத்தளத்தில் உருட்டிவிட்ட இரும்புக் குண்டும் இடியாயின. அரசர் வருகைக்கு எக்காளம், போருக்கு ஆரவாரம், கொண்டாட்டத்துக்குச் சிறு பீரங்கி. 1613 ஜூன் 29 அன்று குளோப் அரங்கில் எட்டாம் ஹென்றி நாடகத்தில் மன்னர் விருந்து மாளிகைக்கு வந்துசேரும் இடத்தில் பீரங்கி வெடிக்க வேண்டும். உரிய நேரத்தில் வெடித்தது. அதிலிருந்து பறந்த தீ கூரை வைக்கோலில் பற்ற, அரங்கம் முழுவதும் எரிந்து சாம்பலாயிற்று.

அக்காலக் குழுக்கள் நாடகத்தின் காட்சி ஒழுங்கை ஒரே தாளில் எழுதி, அட்டையில் ஒட்டி, மேல்பகுதியில் சதுரத் துளை போட்டு மேடைக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவைத்தன. யார் எப்போது நுழைய வேண்டும் என்பதோடு சிலவற்றில் ஒலிகளும் குறிக்கப்பட்டிருக்கும். அத்தகைய சில தாள்கள் பிழைத்திருக்கின்றன. ஏழு பாவங்கள் பற்றிய நாடகம் ஒன்றின் தாள் லண்டனின் டல்விச் கல்லூரியில் துளையோடு அப்படியே இருக்கிறது. அந்தக் குழுவின் முரசும் எக்காளமும் போன இடம் தெரியவில்லை. அவை எப்போது ஒலித்தன என்று சொல்லும் தாள் மட்டும் நானூறு ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது.

மக்பெத்தில் அரசனைக் கொன்ற கையோடு கணவனும் மனைவியும் நிற்கும்போது கோட்டைக் கதவு தட்டப்படுகிறது. வசனங்களுக்கு இடையே மறுபடி மறுபடி அந்தத் தட்டல். அது ஏன் தன்னை இப்படி உலுக்குகிறது என்று சிறுவயதிலிருந்தே யோசித்த தாமஸ் டி குவின்சி, 1823-இல் அதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். கொலை நேரத்தில் உலகம் நின்றுபோய்விட்டது. தட்டல் கேட்டதும் அது மீண்டும் ஓடத் தொடங்குகிறது என்பது அவர் கண்ட விளக்கம். ஒரே ஒரு ஒலிக் குறிப்புக்காக எழுதப்பட்ட விமர்சனத்தில் இதற்கு இணையாக இன்னொன்றைச் சொல்வது கடினம்.

இடி ஓடும் பாதை

1709-இல் ஜான் டென்னிஸ் தம் நாடகத்துக்காகப் புதுவகை இடியைச் செய்தார். நாடகம் ஓடவில்லை. சில நாள் கழித்து அதே அரங்கில் மக்பெத் பார்க்கப் போனவர், தம் இடி அதில் முழங்குவதைக் கேட்டுக் கொதித்துப்போனார் என்பது புகழ்பெற்ற கதை. பிறர் புகழைத் தட்டிப்பறிப்பதற்கு ஆங்கிலத்தில் ‘இடியைத் திருடுதல்’ என்று சொல்வது அதிலிருந்து வந்தது.

இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 1766-இல் திறந்த அரங்கத்தில் கூரைக்கடியில் சாய்வான மரக்கால்வாய் ஒன்று உண்டு. அதில் இரும்புக் குண்டுகளை உருட்டினால் பார்வையாளரின் தலைக்கு மேலேயே இடி ஓடும். சுவீடனின் டிரோட்னிங்ஹோம் அரண்மனை அரங்கமும் அதே 1766-ஆம் ஆண்டுதான். கற்கள் நிரப்பிய அதன் இடிப்பெட்டியும் காற்று இயந்திரமும் இன்றும் வேலை செய்கின்றன.

காற்று இயந்திரம் எளிமையானது. மரச்சட்டங்களை இடைவெளிவிட்டு உருளையாகப் பொருத்தி, மேலே கித்தான் துணியை இறுக்கிப் போர்த்தியிருப்பார்கள். கைப்பிடியைச் சுற்றச் சுற்றச் சட்டங்கள் துணியில் உரசி உஸ்ஸென்று இரையும். வேகம் கூட்டினால் சுருதி ஏறி ஊளையாகும். சுற்றுகிறவருக்கு நடிகரின் மூச்சு தெரிந்திருக்க வேண்டும். வசனம் தொடங்குமுன் காற்றை இறக்கி, வசனம் முடிந்த இடத்தில் மறுபடி எழுப்புவார். இன்றைய ஒலிப்பலகையில் விரலால் நகர்த்தும் ஏற்ற இறக்கம் அன்று தோள்பட்டையில் இருந்தது. மழைக்குச் சல்லடையில் உருளும் காய்ந்த பட்டாணி, குதிரைக்குத் தேங்காய்ச் சிரட்டை, மின்னலைத் தொடரும் வெடிப்புக்குத் தொங்கவிட்ட இரும்புத் தகடு. லண்டன் ஓல்ட் விக் அரங்கில் பணியாற்றிய ஃபிராங்க் நேப்பியர் 1936-இல் இத்தகைய கைவேலைகளுக்கென்றே ஒரு நூல் எழுதினார்.

ஆசிரியர்கள் ஒலியை எழுதத் தொடங்கியது

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒலி, நாடக ஆசிரியரின் கைக்கு வந்தது. இப்சனின் ‘பொம்மை வீடு’ (1879) வசனத்தில் முடியவில்லை. நோரா வெளியேறிய பிறகு கீழே கதவு சாத்தப்படும் ஓசையில் முடிகிறது. செகாவின் ‘செர்ரித் தோட்டம்’ (1904) இரண்டு இடங்களில் வானத்திலிருந்து வருவதுபோல ஒரு தந்தி அறுபடும் ஓசையைக் கேட்கிறது. அது எப்படி இருக்க வேண்டும் என்று நூறாண்டாக இயக்குநர்கள் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். இத்தனைக்கும் செகாவுக்கு மேடையில் தவளையும் சில்வண்டும் ஓயாமல் கத்துவது பிடிக்காது. இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி அவற்றை அள்ளித் தெளித்தபோது அவர் எரிச்சல்பட்டார். இந்த விஷயத்தில் செகாவ் பக்கமே நியாயம்: எங்கும் ஒலி இருந்தால் எந்த ஒலியும் காதில் விழாது.

யூஜின் ஓநீலின் ‘எம்பரர் ஜோன்ஸ்’ (1920) ஒரே க்யூவில் நாடகத்தையே கட்டியது. முதல் காட்சியின் இறுதியில் தூரத்து முரசு ஒன்று நிமிடத்துக்கு 72 அடியில், மனித நாடித்துடிப்பின் வேகத்தில் தொடங்கும். பிறகு நாடகம் முடியும்வரை நிற்காமல் வேகம் கூடிக்கொண்டே போகும். காட்டில் ஓடும் ஜோன்ஸின் பயமும் அரங்கில் உட்கார்ந்திருப்பவர் நாடியும் சேர்ந்து ஏறும்.

தட்டு, நாடா, கணினி

1890-இலேயே லண்டன் மேடை ஒன்றில் குழந்தையின் அழுகையை ஃபோனோகிராஃபில் ஒலிக்கச் செய்ததாகப் பதிவு உண்டு. 1906-இல் பீர்போம் ட்ரீ தாம் மேடையேற்றிய ‘நீரோ’ நாடகத்துக்காக வதைபடுவோரின் அலறலைத் தட்டில் பதிந்தார். எர்வின் பிஸ்காடர் 1927-இல் பெர்லினில் ரஸ்புடின் நாடகத்தில் லெனினின் பதிவுசெய்த குரலைப் பயன்படுத்தினார்.

அடுத்த முப்பது ஆண்டுகள் மின் கிராமஃபோனின் காலம். நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் தட்டில் ஒரு சுற்று தப்பினால் முக்கால் விநாடி போயிற்று. ஆகவே ஊசி விழ வேண்டிய இடத்தை மெழுகுப் பென்சிலால் தட்டிலேயே குறித்துவைத்து, இருட்டில் கை நடுங்காமல் இறக்குவார்கள்.

1950-களில் ஒலிநாடா வந்ததும் நேரத்தை அங்குலத்தால் அளக்க முடிந்தது. விநாடிக்கு ஏழரை அங்குலம் ஓடும் நாடாவில் ஒரு விநாடி மௌனம் என்பது ஏழரை அங்குல வெற்றுநாடா. பிளேடால் சாய்வாக வெட்டி, ஒட்டி, இரண்டு ஒலிகளுக்கு நடுவே வெள்ளையோ வண்ணமோ ஆன ஒலியற்ற துண்டைச் சேர்ப்பார்கள். அந்தத் துண்டு வந்ததும் இயந்திரத்தை நிறுத்தி, சுருளைக் கையால் முன்னும் பின்னும் அசைத்து, அடுத்த ஒலியின் தொடக்கம் நாடாத்தலையின் விளிம்பில் நிற்கும்படி வைக்க வேண்டும். நடிகர் இரண்டு பக்க வசனத்தைத் தாவிவிட்டால் ஆபரேட்டர் பாடு திண்டாட்டம்தான். நாடாவுக்குத் தாவத் தெரியாது.

இந்த வேலை செய்பவருக்கு ‘ஒலி வடிவமைப்பாளர்’ என்ற பட்டம் தாமதமாகவே கிடைத்தது. சான் பிரான்சிஸ்கோவின் அமெரிக்கன் கன்சர்வேட்டரி தியேட்டரில் 1968–69 பருவத்தில் டான் டூகனுக்கு அந்தப் பெயர் அளிக்கப்பட்டது. பிராட்வேயில் 1971-இன் ‘ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்’ ஏப் ஜேக்கப்பின் பெயரை நிலைநிறுத்தியது. டோனி விருதில் ஒலி வடிவமைப்பு 2008-இல்தான் சேர்ந்தது. 2014-இல் அதை நீக்கிவிட்டார்கள். அது தவறான முடிவு. கலைஞர்களின் கடும் எதிர்ப்புக்குப் பின் 2018 விழாவில் விருது திரும்பியது.

1991-இல் உருவான ‘மிடி ஷோ கன்ட்ரோல்’ நெறி, ஒலி, ஒளி, மேடை இயந்திரம் மூன்றும் ஒரே கட்டளைக்குக் கட்டுப்பட வழிசெய்தது. 2006-இல் உருவான ‘க்யூலேப்’ மென்பொருள் மடிக்கணினியையே ஒலிக்கூடமாக்கியது. க்யூக்கள் திரையில் வரிசையாக நிற்கும். இடைவெளிப் பொத்தானைத் தட்டினால் போதும். நடிகர் தாவினால் நாமும் தாவலாம்.

இன்று நடக்கும் விதம்

ஆனாலும் எப்போது தட்டுவது என்பது மனிதரிடமே இருக்கிறது. மேடை நிர்வாகியின் பிரதியில் வசனத்தின் குறிப்பிட்ட சொல்லிலிருந்து ஓரத்துக்கு ஒரு கோடு போகும். அங்கே ‘ஒலி 14’ என்று எண் இருக்கும். சற்று முன்னதாகவே காதொலிப்பான் வழியே “ஒலி 14, ஸ்டாண்ட்பை” என்பார். ஆபரேட்டர் பதில் சொல்வார். பிறகு “ஒலி 14, கோ”. ‘கோ’ என்ற சொல் காதில் விழுந்ததும் விரல் இறங்கிவிடும். அதனால் அந்த இணைப்பில் வேறு எதற்கும் யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. பேச முடியாத இடங்களில் விளக்கு பேசும்: சிவப்பு தயார், பச்சை செய். சொல் காதுக்குப் போய் விரல் அசைவதற்குள் சுமார் கால் விநாடி கழிந்துவிடும். எனவே தேர்ந்த நிர்வாகி வசனம் முடியக் காத்திருப்பதில்லை. கடைசிச் சொல்லின் முதல் அசையிலேயே அழைப்பார்.

தொலைபேசி மணிக்கு மட்டும் இந்த அழைப்பு பெரும்பாலும் பயன்படாது. நடிகர் கருவியைத் தூக்கிய பிறகும் மணி அடித்தால் அரங்கமே சிரித்துவிடும். மணியை நிறுத்துகிறவர் மேடையை நேரே பார்க்க வேண்டும், கை தொடும் கணத்தில் வெட்ட வேண்டும். துப்பாக்கிக்கு இன்னொரு வழக்கம்: மேடையில் வெடிக்காமல் போனால் உதவ, பக்கவாட்டில் ஒருவர் இரண்டாவது துப்பாக்கியோடு நிற்பார்.

நாடகம் முடிந்த பிறகு குறிப்பைக் காப்பதும் முக்கியம்: மென்பொருள் பதிப்பு மாறினால் பழைய கோப்பு திறக்காமல் போகலாம். அச்சிட்ட தாள் திறக்கும். டல்விச் தாளை யாரோ ஒருவர் ஆணியிலிருந்து எடுத்துப் பத்திரமாக வைத்ததால்தான் அந்த மேடையைப் பற்றி நாம் பேச முடிகிறது. தமிழில் நாடகம் போடும் ஒவ்வொரு குழுவும் கடைசிக் காட்சி முடிந்த இரவே தன் க்யூ தாளில் நாடகத்தின் பெயர், தேதி, அரங்கம், ஒலி அமைத்தவர் பெயர் நான்கையும் எழுதிப் பிரதியோடு சேர்த்துவைக்க வேண்டும்.