பொன்னுக்குவீங்கியும் இரவல் சங்கிலியும்

குழந்தையின் காதுக்குக் கீழே, தாடையின் மூலையை மறைத்துக்கொண்டு வரும் வீக்கத்துக்குத் தென் தமிழ்நாட்டில் பொன்னுக்குவீங்கி என்று பெயர். இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலாடி, சாயல்குடி, முதுகுளத்தூர்ப் பக்கங்களிலும் இதற்குப் பழகிய வைத்தியம் இரண்டு: வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் போடும் பற்று, கழுத்தில் ஒரு தங்கச் சங்கிலி. பொன்மேல் ஏக்கம் கொண்டே கன்னம் வீங்குகிறது, பொன் மேலே பட்டால் வற்றிவிடும் என்பது நம்பிக்கை. மானாவாரியாக முண்டு மிளகாய் விளைவித்தும் பனையேறியும் பிழைத்த வீடுகளில் பொன் எப்போதும் இருப்பதில்லை. அதனால் சொந்தக்காரர் வீட்டுச் சங்கிலி இரவலாக வரும். வீக்கம் வடிந்ததும் திரும்பிப் போகும். தாலிச் சங்கிலியையே கழற்றிப் பிள்ளைக்குப் போட்ட தாய்மாரும் உண்டு.

இந்த வழக்கம் நிலைத்ததற்கு நோயின் போக்கே காரணம். பொன்னுக்குவீங்கி ஒரு வைரஸ் நோய். கிருமி உடலில் நுழைந்து இரண்டு, மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல் வரும். பிறகு ஒரு பக்கமோ இரு பக்கமுமோ காதடிச் சுரப்பி வீங்கும். இரண்டு, மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரம் பத்து நாளில் தானாகவே வற்றும். சங்கிலி போட்டாலும் போடாவிட்டாலும் கணக்கு இதுதான். பெயர் மட்டும் சங்கிலிக்குப் போயிற்று. அம்மை வகை என்று கருதிப் பிள்ளையை வீட்டோடு வைத்ததில் பாதிப் பயன் இருந்தது. வீக்கம் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே எச்சிலில் கிருமி பரவத் தொடங்கிவிடும். தெரிந்த பிறகும் ஐந்து நாள் வரை பரவும். முதல் பகுதியைத் தடுக்க வழியில்லை, பின்பகுதியை வேப்பிலைக் கட்டுப்பாடு ஓரளவு தடுத்திருக்கும். புளியோ ஊறுகாயோ கண்ணில் பட்டாலே பிள்ளை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழும். புளிப்பு எச்சிலைச் சுரக்கவைக்கிறது, வீங்கிய சுரப்பி அதைத் தாங்குவதில்லை.

கழுத்திலும் தாடையிலும் வருவதெல்லாம் ஒன்றல்ல என்பது நாட்டு வைத்தியருக்கும் தெரிந்ததே. மாலை கோத்தாற்போல் கழுத்தில் வரிசையாகக் கட்டிகள் எழும்பினால் கண்டமாலை. அதில் பெரும்பகுதி நெறிகட்டிகளில் இறங்கிய காசநோய் என்பது பின்னால் தெரிந்தது. வலியில்லாமல் நெடுநாள் நிற்பது கழலை. முன்கழுத்துக் கழலை தைராய்டைச் சேர்ந்தது. அயோடின் குறைவு அதற்கு ஒரு காரணம். கடலாடி வட்டத்திலேயே வாலிநோக்கத்தில் உப்பளங்கள் உண்டு. 1974இல் தொடங்கிய தமிழ்நாடு உப்புக் கழகம் அங்கிருந்து அயோடின் சேர்த்த உப்பை அனுப்புகிறது. கடலில் விளைந்த உப்பாயினும் அதில் இயல்பாக உள்ள அயோடின் மிகக் கொஞ்சம் என்பது பலரும் நம்பாத உண்மை. ஆனால் எச்சில் சுரப்பியின் வீக்கங்களைத் தங்களுக்குள் பிரித்தறிய, எச்சில் எந்த வழியாக வாய்க்கு வருகிறது என்று முதலில் தெரிய வேண்டியிருந்தது.

பொன்னுக்குவீங்கி பழைய நோய். கிரேக்கத் தீவான தாசோசில் காதருகே வீங்கிய நோயாளிகளைப் பற்றி ஹிப்போக்ரட்டிஸ் பெயரிலான நூல் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தது. ஆனால் எச்சிலின் வழி தெரிந்தது பதினேழாம் நூற்றாண்டில். 1656இல் லண்டன் மருத்துவர் தாமஸ் வார்ட்டன் தாடைக்கீழ்ச் சுரப்பியின் குழாயை விவரித்தார். 1660இல் ஆம்ஸ்டர்டாமில் மாணவராக இருந்த நீல்ஸ் ஸ்டென்சன் ஓர் ஆட்டுத்தலையை அறுத்துக்கொண்டிருந்தபோது, காதடிச் சுரப்பியிலிருந்து கன்னத்தின் உட்புறத்துக்கு வரும் குழாயைக் கண்டார். 1934இல் அமெரிக்காவில் ஜான்சன், குட்பாஸ்ச்சர் இருவரும் அந்தக் குழாய் வழியாகவே நோயாளிகளின் எச்சிலைக் குரங்குகளுக்குச் செலுத்தி, பொன்னுக்குவீங்கிக்குக் காரணம் வைரஸ் என்று நிறுவினர். பருவம் வந்த ஆண்களுக்கு இந்நோய் விரையில் இறங்கி வீங்கவைக்கும் என்பதை ஸ்காட்லாந்து மருத்துவர் ராபர்ட் ஹாமில்டன் 1790இலேயே விளக்கியிருந்தார். மாரிஸ் ஹில்மன் 1963இல் தம் மகளின் தொண்டையிலிருந்து எடுத்த கிருமியை வலுக்குறைத்து உண்டாக்கிய தடுப்பூசி 1967இல் புழக்கத்துக்கு வந்தது.

எச்சில் வரும் வழியைக் கல் அடைத்தாலும் வீக்கம் வரும். எச்சில் கற்களில் ஏறத்தாழ 80 விழுக்காடு தாடைக்கீழ்ச் சுரப்பியில் உண்டாகின்றன. அதன் எச்சில் கெட்டியானது. குழாயோ நீளமானது, கீழிருந்து மேல்நோக்கி ஏற வேண்டியது. சாப்பிட உட்கார்ந்ததும் தாடைக்கடியில் புடைத்து வலிக்கும், சாப்பாடு முடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் வற்றும். இந்த ஏற்ற இறக்கமே அதன் அடையாளம். உடலில் நீர் குறைவது கல் உண்டாவதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. உப்பளத்தில் வெயிலில் நிற்கும் உடலுக்கு இது எட்டாத செய்தி அல்ல. நாக்கின் அடியில் விரல்விட்டுத் தடவினாலே சில கற்கள் தட்டுப்படும். முன்பு சுரப்பியையே வெட்டி எடுத்தனர். 1990களுக்குப் பிறகு குழாய்க்குள் மெல்லிய நோக்குக் கருவி செலுத்திக் கல்லை மட்டும் எடுக்க முடிகிறது.

சங்கிலி வைத்தியம் உண்மையில் கெடுதல் செய்தது கட்டிகளின் விஷயத்தில்தான். எச்சில் சுரப்பிக் கட்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு காதடிச் சுரப்பியில் வருபவை; அவற்றிலும் ஐந்தில் நான்கு சாதுவானவை. பொன்னுக்குவீங்கி வரும் அதே இடம். ஆனால் வலி இல்லை, காய்ச்சல் இல்லை, ஒரு பக்கம் மட்டும், மாதக் கணக்கில் மெல்ல வளர்வது. வலிக்காததை யாரும் பொருட்படுத்துவதில்லை. பற்றுப் போட்டே வருடங்களைக் கடத்தலாம். வளரும் கட்டி காதுமடலின் அடிப்பகுதியைத் தூக்கிவிடும் என்பது மருத்துவர் தேடும் குறி. தண்டட்டி தொங்கித் தொங்கி நீண்ட காதுடைய இராமநாதபுரத்துப் பாட்டிமாரிடம் அந்தக் குறி மறைந்துவிடக்கூடியது. சாதுவானதும் நாளடைவில் புற்றாக மாறலாம். முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டால் மாறிவிட்டது என்று அஞ்ச வேண்டும், ஏனெனில் முகத்தை அசைக்கும் நரம்பு அந்தச் சுரப்பியின் நடுவே ஓடுகிறது. அறுவையில் எல்லாரும் பயப்படுவதும் அந்த நரம்புக்குத்தான். தாடைக்கடியில் வரும் கட்டி சுரப்பியுடையதாகவே இருக்க வேண்டியதுமில்லை. வெற்றிலையோடு புகையிலை அடக்குபவரின் வாய்ப்புற்று முதலில் அந்த இடத்து நெறிகட்டியில்தான் இறங்கும்.

இவற்றைப் பிரித்தறிய ஊசியால் திசு எடுத்துப் பார்க்கும் வசதியும் நரம்பைக் காத்து அறுக்கும் கையும் வேண்டும். கடலாடியிலிருந்து அதற்கான பெரிய இடம் நெடுங்காலம் மதுரையாகவே இருந்தது. அங்கே 1940இல் எர்ஸ்கின் மருத்துவமனை என்ற பெயரில் திறந்ததே இன்றைய அரசு இராஜாஜி மருத்துவமனை; மருத்துவக் கல்லூரி 1954இல் வந்தது. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் பயணம், ஒரு நாள் கூலி இழப்பு, துணைக்கு ஓர் ஆள். வலிக்காத கட்டிக்காக யாரும் அப்படிக் கிளம்பவில்லை. இராமநாதபுரத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியது 2022 ஜனவரியில்.

பொன்னுக்குவீங்கியைப் பொறுத்தவரை மருந்தை விடத் தடுப்பே வழி. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்ந்த ஊசியை மூன்று தவணையாகப் பரிந்துரைக்கிறது. தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் தொடங்கிய அரசு முகாமில் போட்டதோ தட்டம்மை, ரூபெல்லா இரண்டுக்குமான ஊசி, நடுவிலுள்ளது விடுபட்டது. உயிர் போகும் நோயல்ல என்பதால் பின்தள்ளப்பட்டது. காசு கொடுத்துத் தனியாரிடம் போட்டுக்கொள்ளும் வீட்டுப் பிள்ளைக்கு மூன்றுக்கும் காப்பு; கடலாடி அரசு சுகாதார நிலையத்தை நம்பியிருக்கும் பிள்ளைக்கு இரண்டுக்கு மட்டும்.