தெளிந்த நீரின் கொசு: நெகிரி செம்பிலான் தோட்டங்களில் லயத் தூய்மையின் வரலாறு

மலாயாவின் நெகிரி செம்பிலானில் ஐரோப்பியரின் தோட்டத் தொழில் காப்பியில் தொடங்கிக் கித்தாவுக்கு, அதாவது ரப்பருக்கு, மாறியது. 1891-ல் சிரம்பானுக்கும் போர்ட் டிக்சனுக்கும் இடையே ரயில் ஓடியது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் காப்பி விலை சரிய, லிங்கி, ரந்தாவ், லாபு வட்டாரங்களில் கித்தா மரங்கள் எழுந்தன. மரம் நடக் காடு அழிந்தது. காடு அழித்த இடத்தில் தொழிலாளர் குடியிருப்பான லயம் எழுந்தது. தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள் அந்த லயங்களில் குடியேறி, சில மாதங்களிலேயே காய்ச்சலில் விழுந்தார்கள். 1911-ல் கூட்டரசு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் இருந்த இந்தியத் தொழிலாளரில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 63 பேர் இறந்தனர். பேராக், சிலாங்கூர், பகாங்கோடு நெகிரி செம்பிலானும் அந்தக் கூட்டரசில் ஒன்று. இறப்புக்கான காரணங்களில் முதலிடம் மலேரியாவுக்கு.

தொடக்ககால லயம் என்பது நீண்ட மரக் கொட்டகை. அத்தாப்பு ஓலையோ தகரமோ கூரை, வரிசையாக அறைகள், பல இடங்களில் இரண்டு வரிசைகள் முதுகோடு முதுகு ஒட்டியிருக்கும். தண்ணீர் தூக்க வசதி என்று ஓடைக்கருகிலேயே கட்டினார்கள். சமையலும் விறகும் கோழிக்கூடும் அந்தச் சுவர்களுக்குள்ளேயோ ஒட்டினாற்போலவோதான். கழிவுநீர் வாசலில் தேங்கும். ஈயும் எலியும் மூட்டைப்பூச்சியும் கூடவே குடியிருக்கும். இதைப் பார்த்த துரைமார்களுக்கு நோயின் காரணம் எளிதில் கிடைத்துவிட்டது: கூலிகளின் அழுக்குப் பழக்கம். வயிற்றுப்போக்கையும் கொக்கிப்புழுவையும் பொறுத்தவரை இதில் பாதி உண்மை உண்டு. ஆனால் கக்கூசு கட்டித் தர வேண்டியவர் தொழிலாளி அல்லர். மலேரியாவைப் பொறுத்தவரை அந்தக் காரணம் முற்றிலும் தவறு.

அதை நிறுவிய வேலை சிலாங்கூரில் தொடங்கியது. கிள்ளானில் அரசு மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன், 1901-ல் கிள்ளான் நகரிலும் சுவெட்டன்காம் துறைமுகத்திலும் சதுப்பை வடித்து, புதரை வெட்டிக் காய்ச்சலை அடக்கினார். கடலோரச் சமநிலத்தில் நோயைப் பரப்பியது அனோபிலஸ் அம்புரோசஸ் என்ற கொசு. காட்டு நிழலில் தேங்கிய நீரில் வளர்வது. காட்டை அழித்து வாய்க்கால் வெட்டினால் அது போய்விடும். இதே வைத்தியத்தைக் குன்று நிலத்தில் செய்தபோது காய்ச்சல் குறையவில்லை, ஏறியது. மலையடிவாரத்தில் ஆள் கொன்றது வேறு கொசு. அனோபிலஸ் மாக்குலாட்டஸ் வெயில் படும் தெளிந்த ஓடைநீரில், பள்ளத்தாக்கின் ஓரத்துக் கசிவில் முட்டையிடும். காடு மூடியிருந்தவரை அந்த ஓடைகளில் அதற்கு இடமில்லை. மரத்தை வெட்டி, ஓடையைத் துப்புரவாக்கி, வெயிலைத் திறந்துவிட்டது தோட்டமே. நெகிரி செம்பிலானின் பெரும்பகுதி இத்தகைய மேடுபள்ள நிலம்தான். லயத்து மனிதர்கள் குடிக்கலாம் என்று நம்பிய தெளிந்த நீரே அவர்களைக் கடிக்கும் கொசுவின் தொட்டில்.

இதற்குப் பிறகு துப்புரவு என்பது ஒவ்வோர் இனக் கொசுவுக்கும் வேறு வேறு வேலையாயிற்று. பள்ளத்தாக்குகளில் சுட்ட மண் குழாய்களைப் புதைத்து, கசிவுநீரை நிலத்தடியிலேயே ஓடவிட்டனர். செலவு அதிகம், வேரும் மண்ணும் அடைத்துக்கொண்டால் தோண்டிப் பார்க்க வேண்டும். மலிவான வழி எண்ணெய். மண்ணெண்ணெய் கலந்த கனத்த எண்ணெயை முதுகில் பம்பு சுமந்த ஆட்கள் ஓடையெங்கும் தெளித்தனர். முட்டை கொசுவாகப் பறக்க வெப்ப நாட்டில் ஒரு வாரத்துக்குச் சற்று அதிகம் பிடிக்கும். ஆகவே வாரம் ஒருமுறை தெளித்தால் போதும். ஒரு வாரம் தவறினாலோ முந்தைய வேலை வீண். லயத்தைச் சுற்றி ஏறத்தாழ அரை மைல் வட்டத்துக்கு இதைச் செய்தார்கள். கொசு பெரும்பாலும் அதற்கு மேல் பறந்து வராது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கொயினா மருந்து கொடுப்பதும், தோட்ட மருத்துவமனையும், டிரெசர் எனும் மருத்துவ உதவியாளரும் 1912-ன் தொழிலாளர் சட்டத்துக்குப் பின் பரவலாயின. 1930-களில் நிழல் தரும் செடிகளை ஓடையோரம் மறுபடி வளர்த்து மாக்குலாட்டசை விரட்டும் முறையையும் சிலர் சோதித்தனர். வெட்டியதைத் திரும்ப நடுவது தோட்டக்காரர்களுக்கு இனிப்பாக இருந்திருக்காது.

லயமும் மாறியது. முதுகு ஒட்டிய கொட்டகைகளுக்குப் பதிலாகச் சிமெண்டுத் தரையும் தனி அடுப்படியும் உள்ள வீடுகள் வந்தன. முன்னும் பின்னும் சிமெண்டுக் கால்வாய், மாட்டுக் கொட்டகைக்குத் தனி இடம். வாசல் கூட்டிச் சாணம் தெளிப்பதும் மாலையில் சாம்பிராணி போடுவதும் பெண்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த வழக்கங்கள். முற்றம் அவர்கள் கையில் இருந்தது. பள்ளத்தாக்கு துரையின் கையில் இருந்தது. உயிரைத் தீர்மானித்தது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

இந்த வேலை நின்றால் என்ன ஆகும் என்பதை ஜப்பானியர் காலம் காட்டியது. 1943 இறுதியில் சிங்கப்பூரிலிருந்து கத்தோலிக்கச் சீனரையும் யுரேசியரையும் நெகிரி செம்பிலானின் பகாவ் வட்டாரக் காட்டில் குடியேற்றினர். காடு வெட்டிய புது நிலம், மலையோடை, மருந்தில்லை. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர், பலரைக் கொன்றது மலேரியா.

போருக்குப் பின் டி.டி.டி. பூச்சிமருந்து வந்தது. மாக்குலாட்டஸ் கடித்தபின் சுவரில் தங்காமல் வெளியே போய்விடும் பழக்கமுடையது. சுவரில் அடித்த மருந்தால் மட்டும் அதை ஒழிக்க முடியவில்லை. 1967-ல் தேசிய மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கியபோதும் குன்று நாட்டில் பழைய கால்வாய் வேலையைக் கைவிட முடியவில்லை.

1990-களின் இறுதியில் இதே மாநிலம் எதிர்மாறான பாடம் ஒன்றைக் கண்டது. 1998-99-ல் சிக்காமாட், புக்கிட் பெலாண்டோக் பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் பரவியது. கொசு பரப்பும் ஜப்பானிய மூளை அழற்சி என்று எண்ணிக் கொசுவுக்குப் புகை அடித்தார்கள். 1999 மார்ச்சில்தான் அது புதிய வைரஸ் என்று தெரிந்தது. அருகிலிருந்த சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரே அதற்கு இடப்பட்டது. நாட்டில் 265 பேருக்கு நோய், 105 பேர் சாவு. நோயின் மூலம் பழந்தின்னி வௌவால். அது பன்றிக்குத் தாவி, பன்றியிலிருந்து மனிதனுக்கு வந்தது. கொசுவுக்கு இதில் பங்கில்லை.

இன்று தோட்டங்களில் கவலை டெங்கி. கைவிடப்பட்ட கித்தா மரத்தில் தொங்கும், பால் பிடிக்கும் மங்கில் மழைநீர் நின்றால் ஏடிஸ் கொசு வளரும்; மங்கைக் கவிழ்த்து வைப்பதே முதல் வேலை. வீட்டைச் சுற்றி வாளி, டயர், பூத்தொட்டித் தட்டு, அடைபட்ட கூரைக் கால்வாய் எல்லாம் அதே கணக்கு. 1975-ன் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டம் இவற்றில் புழு இருந்தால் குடியிருப்பவருக்கும் உரிமையாளருக்கும் அபராதம் விதிக்க இடம் தருகிறது. 1990-ன் தொழிலாளர் குடியிருப்புச் சட்டம் தோட்ட நிர்வாகியோ மருத்துவ உதவியாளரோ வாரம் ஒருமுறை லயத்தைச் சுற்றிப் பார்த்துப் பதிவு வைக்க வேண்டும் என்கிறது. எண்ணெய்ப் பம்பு சுமந்தவர்களின் அதே ஏழு நாள் கணக்கு.

2018 முதல் மலேசியாவில் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் உள்ளூர் மலேரியா பதிவாகவில்லை. குரங்கிலிருந்து வரும் நோலசி மலேரியா மட்டும் காட்டோரத் தோட்டங்களில் இன்னும் ஆட்களைப் பிடிக்கிறது. அதைச் சுமக்கும் கொசுக்கள் காட்டு நிழலின் சிறு தேக்கங்களில் முட்டையிடுபவை.